முதலில் கால்... அப்புறம்தான் கை!

2020 செப்டம்பர் 2. கொரோனாவுக்குப் பயந்து, என்பிஏ கூடைப்பந்து லீக் தன் பிளே-ஆஃப் ஆட்டங்களை மொத்தமாக ஃபுளோரிடாவின் டிஸ்னி வளாகத்துக்குள் வைத்து நடத்திக்கொண்டிருந்த நேரம். ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கும் ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கும் ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று ஜெயித்தாயிற்று. இதில் தோற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டன் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 34.3 புள்ளிகள் எடுத்தவர். லீகிலேயே அதிகம். அவரை மறிக்க தண்டர் நிறுத்தியது 21 வயது லு டார்ட்டை. ஹைட்டியிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய குடும்பம். மான்ட்ரியாலின் வடபகுதியில் வளர்ந்தவர். முந்தைய ஆண்டு டிராஃப்டில் அணிகள் வரிசையாக 60 பேரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. அப்படிப்பட்ட பையன் அன்றிரவு ஹார்டன் போன பக்கமெல்லாம் போனார். ஹார்டன் 17 புள்ளிகளில் நின்றுபோனார். டார்ட் 30 எடுத்தார்.

ஆனாலும் தண்டர் தோற்றது. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது பந்து டார்ட்டின் கைக்கு வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். எழும்பி வந்து அதைத் தட்டிவிட்டவர் ஹார்டன். 'தடுக்கவே தெரியாதவர்' என்று பல வருடங்களாக இணையத்தில் வீடியோ போட்டுக் கேலி செய்யப்பட்ட அதே ஹார்டன்! 104-102. ஆட்டம் முடிந்தது.

அந்தத் தோல்விக்குப் பின் தண்டர் அணியே கலைந்தது. பயிற்சியாளர் பில்லி டோனவன் விலகினார். கிறிஸ் பால், ஸ்டீவன் ஆடம்ஸ் எல்லாரும் வேறு அணிகளுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் டார்ட், ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், இன்னும் சில இளைஞர்கள். 2020 நவம்பரில் புதுப் பயிற்சியாளராக வந்த மார்க் டெய்னோவுக்கு வயது 35. அணியின் கிளை அணியான ஓக்லஹோமா சிட்டி ப்ளூவை ஐந்து வருடம் பயிற்றுவித்தவர். வெளியில் யாருக்கும் பெயர் தெரியாது.

தோற்பதற்கென்றே ஒரு திட்டம்

என்பிஏவில் தோற்பதற்குப் பரிசு உண்டு. மோசமாக ஆடிய அணிக்குத்தான் அடுத்த ஆண்டின் நல்ல இளைஞர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். எனவே நடுத்தரமாக இருப்பதைவிடப் படுமோசமாக இருப்பதே மேல் என்று பல அணிகள் கணக்குப் போடும். தண்டரின் மேலாளர் சாம் பிரெஸ்டியும் அந்தக் கணக்கைத்தான் போட்டார். 2021 மார்ச்சில், நன்றாக ஆடிக்கொண்டிருந்த அனுபவசாலி ஆல் ஹோர்ஃபர்டை, மீதி சீசனுக்கு ஆட வேண்டாம் என்று உட்காரவைத்தார்கள். இளைஞர்களுக்கு வாய்ப்புத் தர என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் ஊருக்கே தெரியும். அந்த சீசனில் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய தோல்வி அதற்கு முன் எந்த அணிக்கும் நேர்ந்ததில்லை.

இந்த வழியில் போன அணிகளில் பெரும்பாலானவை தோற்பதை மட்டுமே கற்றுக்கொண்டன. ஃபிலடெல்ஃபியா 2015-16இல் 82 ஆட்டங்களில் 10 ஜெயித்தது. 'பொறுங்கள், இது ஒரு செயல்முறை' என்று ரசிகர்களைச் சமாதானப்படுத்தியது. நட்சத்திரங்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்தத் தலைமுறையால் தன் மண்டலத்தின் இறுதிச் சுற்றைக்கூட எட்ட முடியவில்லை. 20 வயதுப் பையனை இரண்டு வருடம் தொடர்ந்து தோற்கும் அணியில் விட்டால் என்ன ஆகும்? தன் புள்ளிக்கணக்கைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பான். பாஸ் கொடுக்க மாட்டான். தடுக்கும்போது மூச்சு வாங்குவான்.

தண்டர் மட்டும் எப்படித் தப்பியது? அந்த 24 வெற்றி சீசனின் புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. பந்தைக் கூடையில் போடுவதில் அவர்கள் லீகின் கடைசி அணி. எதிரணியைத் தடுப்பதிலோ ஏறத்தாழ நடுத்தர அணி. ஆட்டம் கையைவிட்டுப் போனபிறகும் இந்தப் பையன்கள் ஓடித் திரும்பி வந்து மறித்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். 73 புள்ளியில் தோற்ற அணி என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள். இந்த இன்னொரு எண்ணை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

2023-24இல் தடுப்பாட்டத்தில் லீகில் நான்காம் இடம், 57 வெற்றி, டெய்னோவுக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. 2024-25இல் முதலிடம், 68 வெற்றி, 14 தோல்வி. சராசரியாக ஆட்டத்துக்கு 12.9 புள்ளி வித்தியாசத்தில் எதிரணிகளை மிஞ்சினார்கள். அதுவும் லீகின் வரலாற்றுச் சாதனை. 2025 ஏப்ரலில் பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் எதிரே வந்தது அதே மெம்ஃபிஸ். இந்தமுறை 131-80. ஜூன் 22 அன்று இந்தியானா பேசர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். 1977இல் வென்ற போர்ட்லண்டுக்குப் பிறகு கோப்பை வென்ற அணிகளில் இதுவே மிக இளைய அணி.

அனுமதி கேட்க வேண்டாத வேலை

கூடைப்பந்தில் களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர், பந்து ஒன்று. புதிதாக வந்த பையனுக்குப் பந்து கிடைக்காது. பெரியவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் மறிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எதிராளி ஒருவன் எப்படியும் முன்னால் வந்து நிற்பான். ஆகவே ஒரு இளைஞன் களத்தில் நிமிடங்களைச் சம்பாதிக்க நேர்வழி தடுப்பாட்டம்தான். டார்ட் அப்படித்தான் வந்தார். 2023இல் 10ஆவது இடத்தில் தேர்வாகி தண்டருக்கு வந்து சேர்ந்த கேசன் வாலஸும் அப்படித்தான். முதல் வருடமே 82 ஆட்டங்களிலும் ஆடினார். இதையெல்லாம் பார்த்தபின், 'முதலில் ஷூட்டிங் பழகு, டிஃபன்ஸ் தானாக வரும்' என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

தடுப்பாட்டம் வெறும் வேகமும் வெறியும் என்று நினைப்பவர்கள் உண்டு. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். உண்மையில் அது காலில் தொடங்குகிறது. முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகரும்போது ஒரு கால் மற்றொன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஒரு நொடியில் எதிராளி திசை மாற்றிவிடுவான். கண் எங்கே? பந்தைப் பார்த்தால் ஏமாறுவோம், முகத்தைப் பார்த்தாலும் ஏமாறுவோம். தோள், தலை, கண் எல்லாம் பொய் சொல்லும். இடுப்பு போகிற பக்கம்தான் உடம்பு போகும். எனவே இடுப்பில் கண். இதில் கை எங்கே வருகிறது என்றால், கடைசியில். கால் சோம்பேறியாக இருக்கும்போதுதான் கை நீளும். கை நீண்டால் ஃபவுல், இல்லையென்றால் எதிராளி பக்கத்தில் புகுந்து போயிருப்பான்.

அடுத்த பாடம் கொஞ்சம் கஷ்டம். தன் ஆளை மட்டும் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான். பந்து களத்தின் மறுபக்கத்தில் இருக்கும்போது, பந்தும் தெரிய வேண்டும், தன் ஆளும் தெரிய வேண்டும். அப்படி ஓர் இடம் பார்த்து நிற்கப் பழக வேண்டும். கபடியில் மூலையில் நிற்பவர் காலைப் பிடித்ததும் பக்கத்தில் நிற்பவர் அந்தக் கணமே பாய்ந்து விழுவார் இல்லையா, இங்கும் அதேதான். தாமதித்தால் முதலாமவர் தனியாக இழுபட்டுப் போவார். ஒருவர் உதவிக்கு நகர்ந்தால் அவர் விட்டுவந்த ஆளை அடுத்தவர் எடுக்க வேண்டும், அவருடையதை அதற்கடுத்தவர். இவ்வளவும் இரண்டு மூன்று நொடிக்குள். அதனால்தான் நல்ல தடுப்பாட்ட அணி ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஆடும் பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாதி டிஃபெண்டர்தான்.

தண்டர் இதைத் தன் பாணியில் இன்னும் தீவிரமாக்கியது. பந்தை வைத்திருப்பவர் மேல் டார்ட்டோ வாலஸோ ஒட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் கூடைக்கு அருகே நெருங்கி, பந்து பக்கத்தில் கடக்கும்போதெல்லாம் கையை விட்டுத் தட்டிவிட்டுத் தன் ஆளிடம் ஓடிப்போவார்கள். 2024-25இல் எதிரணிகள் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 17 முறை பந்தை இழந்தன. லீகிலேயே அதிகம். தங்கள் பக்கத்தில் இவர்கள் இழந்ததோ மிகக் குறைவு. எதிராளியைவிடக் கூடுதலாகச் சில முறை கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு ஒவ்வொரு இரவும் கிடைத்தது.

நட்சத்திரமும் விலக்கல்ல. 2024-25இல் ஆட்டத்துக்கு 32.7 புள்ளி எடுத்து லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கிய கில்ஜியஸ்-அலெக்சாண்டர், அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு இரண்டுமுறை பந்தைப் பறித்தவர். இவருடைய அம்மா 1992 ஒலிம்பிக்கில் ஆன்டிகுவா-பார்புடாவுக்காக ஓடியவர்; அந்தக் கால் மகனுக்கும் வந்திருக்கிறது போலும். தலைவன் ஓடித் திரும்பும்போது மற்றவன் நடந்து வர முடியாது. பயிற்சியாளர் பத்து கூட்டம் போட்டுச் சொல்வதைவிட இது வேகமாக உறைக்கும்.

2024 நவம்பரில் ஒரு சோதனை வந்தது. 7 அடி 1 அங்குல செட் ஹோம்கிரென் இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். இன்னொரு உயரமானவர் ஐசையா ஹார்டென்ஸ்டைனுக்கு ஏற்கனவே கை முறிந்திருந்தது. நடுவில் நிற்க ஆளில்லை. ஆறரை அடிகூட இல்லாத ஜேலன் வில்லியம்ஸை அந்த இடத்தில் நிறுத்தினார் டெய்னோ. தன்னைவிட அரை அடி உயரமானவர்களோடு முட்டி மோதினார் வில்லியம்ஸ். சீசன் முடிவில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டியலில் இரண்டாம் அணியில் அவர் பெயர். முதல் அணியில் டார்ட்டின் பெயர். பிளே-ஆஃபில் வில்லியம்ஸ் வலது மணிக்கட்டுத் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடி, இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார்.

ஹோம்கிரெனின் கதை வேறு. 2022இல் இரண்டாவது இடத்தில் தேர்வானவர். லீகில் முதல் ஆட்டம் ஆடும் முன்பே, சியாட்டிலில் ஒரு கோடைக்காலக் காட்சிப் போட்டியில் லெப்ரான் ஜேம்ஸ் வேகமாக வந்தபோது மறிக்கப்போய் பாதத்தில் காயம்பட்டு, ஒரு சீசன் முழுவதும் இழந்தார். யாரும் கணக்கு வைக்காத ஆட்டத்தில் எதற்கு அந்த ஓட்டம் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்சிப் போட்டிதானே என்று நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் அது அங்கேயே நிற்காது.

ஆறடி ஐந்தங்குலமும் ஆறடி பதினோரங்குலமும்

2024 ஜூனில் பிரெஸ்டி செய்த ஒரு பரிமாற்றம் பலருக்குப் புரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறாவது இடத்தில் தேர்ந்தெடுத்த ஜாஷ் கிடியை, பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரரான 21 வயதுக்காரரை, சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்கினார். கரூசோ பெரிய புள்ளி எடுப்பவர் அல்ல. டிராஃப்டில் அவர் பெயரையும் யாரும் சொன்னதில்லை. 2016-17இல் அவர் ஆடியது ஓக்லஹோமா சிட்டி ப்ளூவில். அப்போதைய பயிற்சியாளர் டெய்னோ!

அந்தப் பரிமாற்றத்துக்குப் பதில் 2025 மே 18 அன்று கிடைத்தது. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டம். டென்வரின் நிகோலா யோகிச் மூன்றுமுறை லீகின் சிறந்த வீரர், உயரம் 6 அடி 11 அங்குலம், அதற்கேற்ற எடை. அவரைப் பிடிக்க டெய்னோ அனுப்பியது 6 அடி 5 அங்குல கரூசோவை. கரூசோ யோகிச்சின் முதுகுப்பக்கம் நிற்கவில்லை, முன்பக்கம் நின்றார். பந்து கைக்கு வருவதையே தடுப்பதுதான் திட்டம். தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பின்னால் உயரமானவர் ஒருவர் காத்திருப்பார். தள்ளுமுள்ளு, முழங்கை, இடுப்பு இடி, கீழிருந்து பந்தைத் தட்டும் கை. யோகிச் அன்று கூடையை நோக்கி எறிந்ததே 9 முறைதான். 125-93 என்று தண்டர் ஜெயித்தது. அந்தச் சுற்றில் நான் பார்த்ததில் மனம் நிறைந்த காட்சி எதுவென்றால், புள்ளிப்பட்டியலில் பெரிதாகப் பதிவாகாத இந்த மல்லுக்கட்டுதான்.

இந்தத் தடுப்பாட்டத்தைப் பிடிக்காதவர்களும் நிறைய. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஃபவுல் செய்துகொண்டே இருந்தால் நடுவர் எல்லாவற்றுக்கும் விசில் ஊத முடியாது, அதைத்தான் தண்டர் பயன்படுத்திக்கொள்கிறது என்பது புகார். டார்ட் முரடர் என்பது இன்னொன்று. ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டும் முழுப் பொய்யில்லை. அதோடு தடுப்பாட்டம் வெற்றிக்கு உத்தரவாதமும் தராது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் இந்தியானா 25 முறை பந்தை இழந்தது. அதில் 19 முதல் பாதியிலேயே. அப்படியும் 0.3 நொடி மிச்சமிருக்கும்போது டைரிஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்தில் 111-110 என்று தண்டரைத் தோற்கடித்தது. பறித்த பந்தையெல்லாம் புள்ளியாக்கத் தெரியவில்லை அன்று. ஏழாவது ஆட்டத்தில் அதே ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழாமல் இருந்திருந்தால் கோப்பை யாருக்கு என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் முதல் ஆட்டம் அப்படிக் கைநழுவியும் அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமே நடக்காததுபோல வந்து 123-107 என்று ஜெயித்தார்களே, அதைத்தான் ஜெயிக்கும் பழக்கம் என்கிறேன். முந்தின நாள் 50 புள்ளியில் ஜெயித்தாலும் 50 புள்ளியில் தோற்றாலும் இன்று கணக்கு பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று இந்த அணியில் பேசிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்து ஒரு வீரரைத் தொலைக்காட்சி பேட்டி எடுத்தால் மொத்த அணியும் அவரைச் சுற்றி நின்று சிரித்துக் கும்மாளம் போடும். புதிதாக வரும் ஒவ்வொரு வீரரையும் பிரெஸ்டி, 1995 ஏப்ரல் 19 குண்டுவெடிப்பில் இறந்த 168 பேருக்கான நகரின் நினைவிடத்துக்கு அனுப்பிவைக்கிறார். நீ ஆடப்போவது எந்த ஊருக்கு என்று தெரிந்துகொள் என்பதாக. அமெரிக்க விளையாட்டில் இப்படி ஒரு வழக்கம் அபூர்வம். தடுப்பாட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தோல்வியிலிருந்து மீண்ட இன்னொரு அணியான டெட்ராய்ட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2023-24இல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று, 14 வெற்றியோடு முடித்த அணி, அடுத்த சீசனில் 44 ஜெயித்தது. புதுப் பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் முதலில் கைவைத்தது தடுப்பாட்டத்தில்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது?

தொழில்முறை வீரர்களின் கதை இருக்கட்டும். இந்தப் பழக்கம் விதைக்கப்படும் வயது வேறு. அங்கேதான் குளறுபடி அதிகம். சிறுவர்கள் ஆட்டத்தில் சுலபமாக ஜெயிக்க ஒரு வழி உண்டு: ஐந்து பேரையும் கூடைக்கு முன்னால் மண்டலம் மண்டலமாக நிறுத்திவிடுவது. 'ஸோன்' தடுப்பு. சின்னப் பிள்ளைகளால் தூரத்திலிருந்து எறிய முடியாது, எனவே எதிரணி திணறும், கோப்பை வரும். ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளும் காலை நகர்த்தவே கற்றிருக்க மாட்டார்கள். என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதல் அதனால்தான் 11 வயது வரை ஆளுக்கு ஆள் நிற்கும் தடுப்பாட்டம் மட்டுமே வேண்டும் என்கிறது. பயிற்சி குறைவாகவும் போட்டிகள் அளவுக்கு மிஞ்சியும் நடக்கும் அமெரிக்கக் கோடைக்காலத் தொடர்கள்மீதும் இதே குறைதான். ஒரே வாரக் கடைசியில் நான்கு ஐந்து ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு, ஒரு தவறை நிறுத்தித் திருத்திச் சொல்ல யாருக்கு நேரம்?

கோப்பையோடு வந்தால்தான் பயிற்சியாளரைப் பார்த்துத் தலைமையாசிரியர் சிரிப்பார் என்பது நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் பொருந்தும். எனவே ஸோன் போடும் பயிற்சியாளரை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. கூட்டத்தில் நிற்கும் பெற்றோர் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று கவனித்தால் போதும். எட்டு ஆட்டத்தில் ஏழு ஜெயித்த பையனுக்குக் கைதட்டு உண்டு. தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி, அதனால் தன் ஆள் புள்ளி எடுத்துவிட, 'நீதான் விட்டுட்டே' என்று திட்டு வாங்கும் பையன் செய்ததுதான் சரி என்று சொல்ல ஆளில்லை.

வேண்டியதெல்லாம் பெரிய வசதியும் அல்ல. சுண்ணாம்புக் கோடு, இரண்டு பேர், ஒரு பந்து. பந்து வைத்திருப்பவன் வளைந்து வளைந்து போவான், மற்றவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் மறிக்க வேண்டும். கை இல்லாதபோதுதான் கால் எவ்வளவு பின்தங்குகிறது என்று பையனுக்கே தெரியும். பிறகு மூன்றுக்கு மூன்று ஆட்டம். அதில் புள்ளி எடுத்தவர்களுக்குப் பதிலாக, தடுத்தவர்கள் களத்தில் நீடிப்பார்கள் என்று விதி வைத்தால் போதும். அரைமணி நேரத்தில் சத்தம் மாறிவிடும்.

சத்தம் மாறினாலும், தொழில்முறை ஆட்டத்தில் தடுப்பவர்களின் சந்தை விலை மாறுவதில்லை. 2025 கோடையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 28.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது தண்டர். ஜேலன் வில்லியம்ஸுக்கும் ஹோம்கிரெனுக்கும் தலா 20 கோடி டாலரைத் தாண்டும் ஐந்தாண்டு ஒப்பந்தங்கள். லீகின் சம்பள வரம்பு விதிகளில் மூன்று பேருக்கு இவ்வளவு கொடுத்தால் நான்காவது, ஐந்தாவது ஆளுக்கு இடம் சுருங்கும். டார்ட் 2022இல் கையெழுத்திட்டது ஐந்தாண்டுக்கு அதிகபட்சம் 8.75 கோடி டாலர். அதன் கடைசி ஆண்டான 2026-27க்கு அவரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தம் அணிக்குத்தான் கொடுத்தது.